வீட்டு வாசலில் ஸ்பிரிங் மாற்றும் வீரர்களுக்கு...

டிஸ்கியை முதலிலேயே போட்டு விடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. விருதுநகரில் பி.காம். படிக்கிறவன். கையில் கிரீஸ் பட்ட அனுபவம் என்று பார்த்தால் வீட்டில் இருக்கும் பழைய ஸ்பிளெண்டர், பிறகு கூடப் படிக்கும் நண்பன் வீட்டு ஆம்னி வேன், அவ்வளவுதான். ஆட்டோமொபைல் படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்து "இதெல்லாம் எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே தெரியும்" என்றால் ரொம்ப சந்தோஷம். தெரியாதவர்களுக்குத்தான் இது.

விஷயம் இதுதான். வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை, தனியாக எந்தக் கருவியும் வாங்காமல், வீட்டு வாசலில் வைத்தே மாற்றிவிடலாம் என்று சொல்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. கீழே கருத்து சொல்கிற எல்லாரும் "சூப்பர் தலைவா" என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வகுப்பில் ஒருத்தன், அவன் அப்பாவின் ஆம்னிக்கு அப்படியே செய்யப் போவதாகக் கிளம்பினான். "பட்டறைக்காரனுக்கு எதுக்குடா காசு, ஒரு நாள் வேலை" என்றான். அவனோடு இரண்டு நாள் சண்டை போட்டதில் எனக்குத் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி என்ன என்று முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பைக் என்றால் தாராளமாக வீட்டில் செய்யுங்கள். கார், வேன் என்றால் முக்கால்வாசி வேலையை வீட்டில் செய்யுங்கள். நடுவில் வரும் ஒரு கால் மணி நேர வேலையை மட்டும் வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். இந்த "ஒரு கால் மணி நேரம்" என்கிற கணக்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் ஏன் நம்ம ஊர் வண்டிகளுக்கு இந்த வியாதி அடிக்கடி வருகிறது? மதுரை, திருநெல்வேலி போகிற நான்கு வழிச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியாது. உள்ளே இறங்கி ஆமத்தூர் பக்கமோ, சாத்தூர் பக்கமோ, வெம்பக்கோட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், வெயிலடித்தால் வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் ரோடு மட்டும் எப்படிச் சமமாக இருக்கும்? சில இடங்களில் ரோடு அலை அலையாக இருக்கும், கடல் மாதிரி. அதோடு ஊருக்கு ஊர் வேகத்தடை. ஆட்கள் மட்டும் போகிற வண்டி என்றால் பரவாயில்லை. சிவகாசியில் இருந்து காலண்டர் கட்டு, நோட்டுக் கட்டு ஏற்றிக்கொண்டு வரும் ஆம்னியை நினைத்துப் பாருங்கள். பேப்பர் என்றால் லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரு கட்டைத் தூக்கிப் பார்க்கவும்.

ஆனால் வண்டி "டொக் டொக்" என்றதும் ஸ்பிரிங் போச்சு என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. குதிக்கிற குதியை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஆயிலின் வேலை. பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஆயிலைத்தான் சந்தேகப்படணும். பைக்கில் போர்க்கின் வெளிக்குழாய் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. சும்மா நிற்கும்போதே முன்பக்கம் தாழ்ந்திருந்தாலோ, காரில் ஒரு பக்கம் மட்டும் சரிந்து நின்றாலோதான் ஸ்பிரிங் மேல் கை வைக்கணும். என்னைக் கேட்டால், ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்று நினைக்கிற பைக்குகளில் பாதிக்குமேல் சீலும் ஆயிலும் மாற்றினாலே சரியாகிவிடும்.

சரி, பைக். டெலஸ்கோபிக் போர்க் என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே நீளமான ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். ஆயில் வைத்து அடக்குகிற இந்த ஏற்பாட்டை 1935-ல் பி.எம்.டபிள்யூ. பைக்கில் போட்டார்கள். இன்றைக்கும் நம்ம ஊர் நூறு சிசி வண்டிகளில் இருப்பது அடிப்படையில் அதேதான். செய்முறை ரொம்ப எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்குக் கீழே ஜாக்கியோ கனமான மரக்கட்டையோ கொடுத்து முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தணும். இதைச் செய்யாமல் மேல் மூடியைக் கழற்றினால், உள்ளே தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் வண்டியின் மூக்கு அப்படியே கீழே உட்காரும். ஹேண்டில்பார் மறைத்தால் அதன் கிளாம்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, போர்க் மேலே இருக்கும் மூடி போல்ட்டை ஸ்பேனரால் மெதுவாகத் தளர்த்தணும். கடைசி இரண்டு மரை இருக்கும்போது கவனம். உள்ளங்கையால் நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கடைசிச் சுற்றைச் சுற்றணும், முகத்தை நேர்மேலே வைத்துக்கொண்டு இல்லை. மூடி மேலே எகிறப் பார்க்கும். கண்ணில் பட்டால் கண் போகும்.

ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது எந்த முனை மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய வண்டிகளில் ஒரு முனையில் சுருள் நெருக்கமாகவும் மறு முனையில் இடைவெளி விட்டும் இருக்கும். திரும்ப அதே மாதிரிதான் போகணும். பழசின் நீளத்தை அளந்து, மேனுவலில் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மாற்ற வேண்டுமா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆயில் ஊற்றுவதற்கு என் வழி: மருந்துக் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்வது. மேனுவலில் போட்டிருக்கிற அளவு, இரண்டு பக்கமும் ஒரே அளவு. "ஒரு டம்ளர் ஊத்துப்பா" கணக்கெல்லாம் ஆகாது. ஒரு பக்கத்தை முடித்து மூடிய பிறகுதான் அடுத்த பக்கம். பிரேக்கில் ஆயில் சிந்தக்கூடாது. ஸ்பிரிங் எப்போதும் ஜோடியாகத்தான் மாறணும், ஒன்று மட்டும் புதுசு என்பது கூடாது. முடிந்தது. இதுக்குக் கருவி என்றால் ஸ்பேனர் செட், ஜாக்கி, சிரிஞ்ச். இதற்குப் போய் அரை நாள் பட்டறையில் உட்கார்ந்து பழைய வாரப்பத்திரிகை படிக்க வேண்டுமா?

நடுவில் ஒன்று. புது ஸ்பிரிங் வாங்காமல், பழைய ஸ்பிரிங்குக்கு மேலே நாலு வாஷரோ, பி.வி.சி. குழாயில் ஒரு துண்டோ வெட்டிப் போட்டு "டைட் பண்ணிட்டேன் தம்பி" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும், அதனால் வண்டி நிற்கும் உயரம் கூடும், அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் அமுங்க முன்னே எவ்வளவு எடை வேண்டுமோ அதேதான் இப்போதும் வேண்டும். 1678-ல் ராபர்ட் ஹூக் எழுதி வைத்துவிட்டுப் போன சமாச்சாரம்: இழுப்போ அமுக்கமோ எவ்வளவோ, அதற்கேற்ற விசை. தற்காலிகமாக ஓட்ட வாஷர் வழி சரி. ரிப்பேர் என்று பெயர் சொல்லிக் காசு வாங்குவது சரியில்லை.

இப்போது ஆம்னிக்கு வருவோம். அங்கேதான் சண்டையே.

மாருதி 800, ஆம்னி இரண்டிலும் முன்னால் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்கிற அமெரிக்கப் பொறியாளர் யோசித்தது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் பரவலாக வந்தது. 1983-ல் மாருதி வந்தபோது நம்ம ஊருக்கும் வந்தது. (அதற்கு முன்னால் ஓடிய அம்பாசடரில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கிக்கொள்ளும் கம்பி. அம்பாசடர் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.) ஸ்ட்ரட் என்றால் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த ஒரே உருப்படி. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு மவுண்ட், இரண்டுக்கும் நடுவில் ஸ்பிரிங் நசுங்கி உட்கார்ந்திருக்கும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது உச்சியில் நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. அந்த நட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங்கை மாற்ற முடியாது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கைப் பிடிக்க எதுவும் இல்லை. இதற்குத்தான் ஸ்பிரிங் கம்ப்ரசர் என்று ஒரு கருவி. வீடியோக்காரர்கள் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான்.

எவ்வளவு சக்தி உள்ளே இருக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காமர்ஸ் பையன் போடும் பிசிக்ஸ், பொறுத்துக்கொள்ளுங்கள் :-). ஒரு சென்டிமீட்டர் அமுக்க 20 கிலோ எடை வேண்டிய ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் காருக்கு இது நியாயமான அளவுதான். பத்து சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் 200 கிலோ விசை. அது திடீரென்று விடுபட்டு, அத்தனை சக்தியும் ஒரு இரண்டு கிலோ இரும்புக்குப் போனால், அது கிளம்பும் வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, இரண்டு கிலோ இரும்பு, பைக் வேகத்தில் முகத்துக்கு வருகிறது. பைக் போர்க்கில் அதே கணக்கைப் போட்டால் என்ன வரும்? சென்டிமீட்டருக்கு 5 கிலோ, மூன்று சென்டிமீட்டர் அமுக்கம் என்று எடுத்தால் 15 கிலோ விசை, கையால் தடுத்துவிடலாம். சக்தி என்று பார்த்தால் கார் ஸ்பிரிங்கில் இருப்பது அதைப்போல நாற்பது மடங்குக்கும் மேலே. அமுக்கம் இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகும். பைக்கில் பழகிய கை காரில் ஏமாறுவது இங்கேதான். இரண்டுக்கும் பெயர் ஸ்பிரிங், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி.

நண்பன் காட்டிய வழிகள் மூன்று. ஒன்று, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்பிரிங் சுருள்களைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுக் கழற்றுவது. கட்டுக்கம்பி எதற்கு என்று கட்டட வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கம்பி நகராமல் இருக்கக் கட்டுவது, இருநூறு கிலோவைப் பிடித்து வைக்க இல்லை. இரண்டு, லாரியில் லோடு கட்டும் பெல்ட். பெல்ட் என்னமோ தாங்கும், ஆனால் சுருளின் வளைவில் வழுக்கி ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து பக்கவாட்டில் பாயும். மூன்றாவதுதான் உச்சம்: குண்டாக இருக்கும் ஒரு நண்பனை மேலே ஏறி நிற்கச் சொல்வது. எங்கள் குழுவில் அதிகபட்சம் 80 கிலோ. மேலே போட்ட கணக்குப்படி அவன் ஏறினால் நாலு சென்டிமீட்டர்தான் அமுங்கும். இரண்டரை ஆள் வேண்டும். அரை ஆளுக்கு எங்கே போவது?

"எத்தனையோ பேர் செய்றாங்க, ஒண்ணும் ஆகலையே" என்றான். இந்த வாக்கியத்தை நம்ம மாவட்டத்தில் பிறந்த ஒருத்தன் சொல்லலாமா என்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

பட்டாசு வேலை எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். காகிதக் குழாய் உருட்டுவது, லேபிள் அச்சடிப்பது, அட்டைப்பெட்டி ஒட்டுவது இதெல்லாம் மருந்து படாத வேலை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே குழாய் உருட்டலாம், யாருக்கும் ஆபத்தில்லை. தீப்பெட்டியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான், பெட்டி ஒட்டுவது வீட்டில், மருந்தில் முக்குவது ஃபேக்டரியில். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் ஆரம்பித்தார்கள். அந்தத் தொழிலே வீடுகளுக்குப் பிரிந்து பரவியதால்தான் இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் மருந்து கலக்குகிற வேலை மட்டும் தனி. தனி ரூம், ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, தள்ளித் தள்ளிக் கட்டின ஷெட், இரும்புச் சாமான் கூடாது, உராய்வு கூடாது. மொத்த வேலையில் அது சின்னப் பகுதி. உயிர் போவது அந்தச் சின்னப் பகுதியில்தான்.

விபத்து நடந்த ஒவ்வொரு தடவையும் செய்தியில் வருகிற காரணங்களைப் பாருங்கள். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, ரூமில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள், லைசென்ஸ் ஒருவர் பெயரில் நடத்துவது வேறு ஒருவர். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அதில் வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை, புகையைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்தவர்களும் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். இவை தவிர, லைசென்ஸே இல்லாமல் வீட்டுக்குள் மருந்தை வைத்து வெடித்த சின்னச் செய்திகள், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்துவிட்டுப் போகிறவை. அந்த வீடுகளிலும் முந்தின நாள் வரைக்கும் "ஒண்ணும் ஆகலையே" என்றுதான் இருந்திருப்பார்கள். இதையும் ஸ்பிரிங்கையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சாவு எண்ணிக்கையில் ஒப்பிடவே முடியாது. பட்டாசுத் தொழிலாளி வறுமையினால் அந்த ரூமுக்குள் போகிறார். நாம் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போகிறோம், அதனால் நமக்கு அந்தச் சமாதானம்கூடக் கிடையாது. ஆனால் இரண்டிலும் தவறு நடக்கிற இடம் ஒன்று. ஆபத்தில்லாத பெரிய வேலையோடு ஆபத்தான சின்ன வேலையையும் சேர்த்து ஒரே திண்ணையில் வைத்துக்கொள்வது.

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் "மேக் ஆர் பை" என்று ஒரு கணக்கு வரும். உதிரிபாகத்தை நாமே தயாரிப்பதா, வெளியே வாங்குவதா. நண்பன் நல்ல மார்க் வாங்குகிறவன், அந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினான். பட்டறைக் கூலி இவ்வளவு, வீட்டில் செய்தால் சுழி, ஆகவே வீட்டில் செய். விடை சரி, கணக்கு தப்பு. மொத்த வேலையையும் ஒரே உருப்படியாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. வேலையைப் பிரி, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கணக்கு போடு என்பதுதான் அந்தப் பாடமே. இன்னொன்று, பேலன்ஸ் ஷீட்டில் வராமல் கீழே குறிப்பில் மட்டும் எழுதுவோமே, கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. நடந்தால் கடன், நடக்காவிட்டால் ஒன்றும் இல்லை. "கூலி சுழி" என்று எழுதியவன் அந்தக் குறிப்பை எழுதவில்லை. தாடை உடைந்தால் மதுரைக்கு எந்த பஸ்ஸில் கூட்டிப்போவது?

சரி, கடைசியில் என்ன செய்தோம் என்றால், பிரித்தோம். ஸ்ட்ரட்டை அப்படியே முழு உருப்படியாக வண்டியில் இருந்து இறக்குவதில் ஸ்பிரிங் ஆபத்து கிடையாது, நடு நட்டைத் தொடாத வரைக்கும். அதை வீட்டு வாசலிலேயே செய்தோம். சமதரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்குக் கல். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டைகள், கழற்றிய சக்கரத்தையும் பாடிக்குக் கீழே படுக்கப் போட்டாயிற்று. (ஹாலோ பிளாக் கல் வைக்காதீர்கள். நிற்கிற மாதிரியே நின்று, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.) பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்து, கீழே சக்கரப் பகுதியோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட். கழற்றும் முன் அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டோம். பிரேக் பகுதி ஹோஸில் தொங்காமல் கயிற்றால் கட்டி வைத்தோம். கட்டுக்கம்பி இங்கே உதவும், அதற்குரிய எடை இதுதான். மேலே பாடியோடு பிடிக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றியதும் ஸ்ட்ரட் கையோடு வந்துவிட்டது. துரு பிடித்த போல்ட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரமும் நிறையக் கெட்ட வார்த்தைகளும் செலவு.

இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி, எக்ஸெல்லின் முன்னால் வைத்துக்கொண்டு, பிரஸ் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

"வண்டி எங்கே தம்பி?"

"வீட்டுல நிக்குதுண்ணே. நடு நட்டை மட்டும் கழட்டி ஸ்பிரிங் மாத்திக் கொடுங்கண்ணே."

"அதை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?"

"பயம்ணே."

"அது இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வாயில் பீடியோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனை முதலில் வெளியே போகச் சொன்னார். ஸ்ட்ரட்டைப் பிரஸ்ஸில் நிறுத்தி, ஸ்பிரிங்கை அமுக்கி, மேல் மவுண்ட் கையால் ஆட்டினால் ஆடுகிற அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நட்டில் ஸ்பேனரை வைத்தார். இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முழு வேலைக்கு முதலில் விசாரித்தபோது கேட்ட கூலியில் மூன்றில் ஒரு பங்கு கூட வரவில்லை, எங்கள் எல்லாருடைய டீ, வடையையும் சேர்த்து.

பட்டறையில் மட்டும் எல்லாம் ஒழுங்காகவா நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இல்லைதான். கொக்கி மாதிரி இரண்டு கம்பியை மாட்டி ஸ்பேனரால் முறுக்குகிற கம்ப்ரசரை, ஒரு பக்கம் மட்டும் முறுக்கி முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டும் எதிரெதிரே இருக்கணும், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும், இல்லாவிட்டால் அந்தக் கருவியே ஆபத்து. அதனால்தான் ஸ்ட்ரட்டைக் கொடுக்கும் முன்பு "எதுல வச்சு அமுக்குவீங்கண்ணே?" என்று கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. பதில் பிடிக்காவிட்டால் அடுத்த பட்டறை. கையில் இருப்பது ஸ்ட்ரட்தானே, வண்டி இல்லையே, தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அமெரிக்காவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே இந்த மாதிரிக் கருவிகளை டெபாசிட் வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கிறார்கள். அங்கே வீட்டில் செய்கிறேன் என்று சொல்கிற பலரும் செய்வது அப்படித்தான். கருவி இல்லாமல் இல்லை, கருவி சொந்தமாக இல்லாமல். நம்ம ஊரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, சாமியானா கிடைக்கிறது, சென்ட்ரிங் பலகை கிடைக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சிகள் ஒரு நல்ல கம்ப்ரசரை வாங்கி வைத்து நாள் வாடகைக்கு விட்டால் என்ன? கூடவே மாட்டும் விதத்தை ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுக்கணும், ஸ்பிரிங் வாங்குகிறவனுக்கு மட்டும் என்று வைத்தால் வியாபாரமும் ஆகும். இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் "யோசிப்போம்" என்றார்.

பழைய ஸ்பிரிங்குகளைப் புதுசுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். இடது பக்கத்துப் பழசு ஒரு விரல் அளவு குட்டை. நண்பனின் அப்பா அதைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது மேலயா உட்கார்ந்து ஓட்டினேன்" என்றார். மறுபடி மாட்டும்போது பெயிண்ட் கோட்டுக்கு நேராக வைத்து, போல்ட்டுகளை முறுக்கி, பிரேக் ஹோஸ் எங்கேயும் உரசவில்லை என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தோம். மத்தியானம் வீல் அலைன்மெண்ட். கோடு போட்டு வைத்திருந்தாலும் இது கட்டாயம், இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டு, போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன். வண்டி மறுநாள் காலையிலேயே திருத்தங்கலுக்கு லோடு எடுக்கப் போய்விட்டது, அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கணும்.